எலுமிச்சை அடங்கிய பிறகு, மரம் எழுவதற்கு முன்: ஒரு நறுமணக் கலவையின் செய்முறைப் பதிவு

எலுமிச்சை இனப் பழங்களின் தோல் எண்ணெய்களையும் மர எண்ணெய்களையும் சேர்த்து ஒரு வாசனைத் திரவியம் கலப்பது, வீட்டில் நறுமணம் செய்து பார்ப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் எடுத்துக்கொள்ளும் வேலை. பொருள்கள் எளிதில் கிடைக்கின்றன. தெளித்த முதல் பத்து நிமிடம் எவருக்கும் பிடித்துவிடுகிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அரை மணி நேரத்துக்குள் பழ மணம் மெலிந்துவிடும். சந்தனமும் வெட்டிவேரும் அதற்குள் முழுமையாக மேலே வந்திருக்காது. இடைப்பட்ட அந்த ஒரு மணி நேரத்தில் கையை முகர்ந்து பார்த்தால், பழமும் இல்லாமல் மரமும் இல்லாமல், சற்றே காய்ந்த, இன்னதென்று சொல்ல முடியாத ஒரு மணம்தான் எஞ்சியிருக்கும். மலிவான 'சிட்ரஸ் உட்' வகைத் திரவியங்கள் பலவற்றிலும் நான் கண்ட குறை இதுவே. அந்த இடைவெளியை நிரப்புவதற்காக நான் கலந்த ஒரு கலவையைப் பற்றியது இந்தப் பதிவு. பழ எண்ணெயை மேலும் மேலும் சேர்ப்பதால் இடைவெளி நிரம்புவதில்லை. மரத்தின் பக்கத்திலிருந்தே பழத்தின் சாயலை வரவழைக்க வேண்டும். நான் செய்த மாற்றங்கள் எல்லாம் இந்த எண்ணத்தைச் சுற்றியே அமைந்தன.

இடைவெளி ஏன் வருகிறது என்பதற்கு விடை மூலக்கூறின் எடையில் இருக்கிறது. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இருப்பது லிமோனீன். அதன் மூலக்கூறு எடை 136. கொதிநிலை 176 பாகை செல்சியஸ். சந்தன எண்ணெயின் உயிரான சாண்டலாலின் மூலக்கூறு எடை 220. கொதிநிலை 300 பாகையைத் தாண்டுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் தோலில் தெளித்தால், முன்னது நிமிடங்களில் பறந்துபோகும், பின்னது மணிக்கணக்கில் தங்கும். டபிள்யூ. ஏ. பௌச்சர் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர், மணப்பொருள்கள் ஆவியாகும் வேகத்தை முகர்ந்து பார்த்தே 1 முதல் 100 வரை தரவரிசைப்படுத்தினார். அந்த வரிசையின் கடைசிப் படியான 100இல் சந்தனம், வெட்டிவேர், பச்சௌலி ஆகியவை உள்ளன. பழத்தோல் எண்ணெய்கள் பெரும்பாலும் வரிசையின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகின்றன. (மலைகளைப் படம்பிடிக்கும் ஒளிப்படக் கலைஞராகவும் பௌச்சர் பெயர் பெற்றவர் என்பது இந்த வேலைக்குத் தொடர்பில்லாத, ஆனால் எனக்குப் பிடித்த செய்தி.)

பழ மணம் பறந்துபோவதைக் குறையாகக் கருதாத காலமும் இருந்தது. இத்தாலியிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்கு வந்து குடியேறிய ஜொஹான் மரியா ஃபரினா, 1709இல் தொடங்கப்பட்ட தம் குடும்ப நிறுவனத்தின் வழியாகப் புகழ்பெறச் செய்த 'ஓ தெ கொலோன்', கை நிறைய ஊற்றிப் பூசிக்கொள்ளும் நீர்மமாகவே பயன்பட்டது. புத்துணர்வு தீர்ந்தால் மறுபடியும் பூசிக்கொள்வார்கள். அது நாள் முழுவதும் நிலைக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்ப்பு மாறியது 20ஆம் நூற்றாண்டில். 1966இல் எட்மண்ட் ரூத்னிட்ஸ்கா டியோர் நிறுவனத்துக்காகச் செய்த 'ஓ சவாஜ்', எலுமிச்சையின் ஒளியை ஹெடியோன் என்ற செயற்கைப் பொருளின் துணையோடு நீட்டித்துக் காட்டியது. 2006இல் ழான்-குளோத் எலெனா எர்மெஸ் நிறுவனத்துக்காகச் செய்த 'தேர் தெர்மெஸ்', ஆரஞ்சு, கிரேப்ஃப்ரூட் ஆகியவற்றை வெட்டிவேரோடும் தேவதாரு இனத்தோடும் கோத்து, இந்த வகையின் இன்றைய அளவுகோலாக நிற்கிறது. என் கலவை அதன் நகல் அன்று. ஆனால் பழம் முடிந்த இடமும் மரம் தொடங்கிய இடமும் தெரியாமல் அதில் இணைக்கப்பட்டிருக்கும் விதம்தான் என்னை இந்த வேலைக்கு இழுத்தது.

பொருள்களில் முதலில் சொல்ல வேண்டியது எத்தனால். நம் ஊரில் தூய எத்தனாலை வாங்க உரிமம் வேண்டும். ஆகையால் வாசனைப் பொருள் விற்பனையாளர்கள், குடிக்க முடியாதபடி கலப்புச் செய்து 'பெர்ஃப்யூமர்ஸ் ஆல்கஹால்' என்று விற்பதையே பயன்படுத்தினேன். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை இதற்கு எடுக்கக் கூடாது; அதன் கடுமையான நெடி, எல்லாவற்றையும்விட மென்மையான முதல் ஐந்து நிமிடத்தைக் கெடுத்துவிடும். அடுத்தது, 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு. சொட்டுக் கணக்கில் கலப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. வெட்டிவேர் எண்ணெயின் ஒரு சொட்டும் ஆரஞ்சு எண்ணெயின் ஒரு சொட்டும் ஒரே எடை கொண்டவை அல்ல. நல்ல மணம் அமைந்துவிட்டால் அதே கலவையை மறுபடி செய்வதற்கும் எடைக் குறிப்பு இல்லாமல் வழியில்லை.

பெர்கமோட் எண்ணெயை வாங்கும்போது ஒரு கவனம் தேவை. இத்தாலியின் கலாப்ரியா கடற்கரையில் விளையும் இந்தப் பழத்தின் தோலைக் குளிர்முறையில் பிழிந்து எடுக்கும் எண்ணெயில் பெர்காப்டென் என்ற ஃபியூரோகூமரின் உண்டு. இதைப் பூசிய தோலில் வெயில் பட்டால், தோல் சிவந்து கொப்பளித்துப் பின்னர் மாதக்கணக்கில் கருந்தழும்பாக நிற்கும். கொலோன் பூசிய கழுத்தில் சொட்டு வடிந்த தடத்திலேயே தழும்பு விழுவதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதனால் தோலில் தங்கும் பொருள்களில் சாதாரணப் பெர்கமோட் எண்ணெய் 0.4 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும், குளிர்முறையில் பிழிந்த லைம் எண்ணெய் 0.7 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் சர்வதேச நறுமணச் சங்கமான இஃப்ரா வரம்பு வைத்திருக்கிறது. என் கலவையில் பெர்கமோட் 2.4 விழுக்காடு. எனவே ஃபியூரோகூமரின் நீக்கப்பட்ட பெர்கமோட்டையும், பிழிந்ததற்குப் பதிலாக நீராவியில் வடித்த லைம் எண்ணெயையும் எடுத்தேன். வடித்த லைம் எண்ணெய் பச்சை எலுமிச்சையைப் போல மணக்காது. கோலா பானத்தின் மணத்தில் நாம் அறிந்திருக்கும் இனிப்பான, சற்றே சமைத்த எலுமிச்சை அது. சிறிதளவு போதும். சித்திரை வெயிலில் நடமாடுகிறவர்கள் இந்த இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

வெட்டிவேர் எண்ணெயைப் பற்றி நான்கு வரி கூடுதலாகவே எழுதலாம், ஏனென்றால் இந்தக் கலவையின் தூண் அதுதான். உலகச் சந்தையில் ஹைத்தி வெட்டிவேர் துப்புரவானது, கிரேப்ஃப்ரூட் சாயல் கொண்டது. ஜாவா வெட்டிவேர் புகை நெடி மிகுந்தது. வட இந்தியாவில் செப்புக் கலங்களில் வடிக்கப்படும் 'ரூ கஸ்' பச்சை நிறத்தில், ஈர மண்ணின் ஆழத்தோடு இருக்கும். தமிழ்நாட்டில் கடலூர்க் கடலோர மணற்பாங்கான நிலங்களில் வெட்டிவேர் பயிராகிறது. அந்த வேரிலிருந்து வடித்த எண்ணெய் ஒன்றையும் ஹைத்தி எண்ணெய் ஒன்றையும் முகர்தாளில், அதாவது மணம் பார்க்கும் தாள் பட்டையில், அருகருகே வைத்துப் பார்த்தேன். கடலூர் வேரின் எண்ணெயில் மண்ணும் வேரும் முதலில் வருகின்றன. பழச்சாயல் பின்னால், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்தே தெரிகிறது. ஹைத்தி எண்ணெயில் அந்தச் சாயல் தொடக்கத்திலேயே இருக்கிறது. தனியாகப் பூசிக்கொள்வதற்கு நான் கடலூர் எண்ணெயைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் பழத்தோடு கைகோக்க வேண்டிய வேலைக்கு ஹைத்தி எண்ணெய் பொருந்துகிறது. ஆகவே மூன்றில் இரண்டு பங்கு ஹைத்தி, ஒரு பங்கு கடலூர் என்று கலந்து வைத்துக்கொண்டேன்.

முதலில் வெறும் எலும்புக்கூட்டை மட்டும் கலந்தேன்: பெர்கமோட், ஆரஞ்சு, லைம், வெட்டிவேர், வர்ஜீனியா சிடார், சந்தனம். இடைவெளி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் எதை அங்கே வைப்பது என்று முடிவு செய்ய முடியும் என்பதால், இது வேண்டுமென்றே செய்த வெறுங்கலவை. முழங்கையின் உள்பக்கத்தில் தெளித்துக் குறித்துக்கொண்டே வந்ததில், இருபதாவது நிமிடத்தில் ஆரஞ்சு தளர்ந்தது. அரை மணி நேரத்தில் பெர்கமோட்டின் இலைப்பச்சை மட்டும் மெல்லிய இழையாக நின்றது. முக்கால் மணி நேரத்தில் அதுவும் இல்லை. வெட்டிவேர் தெளிவாக எழுந்தது ஒன்றரை மணி நேரத்துக்குப் பிறகு. முகர்தாளில் இந்தக் கணக்கு இரண்டு மடங்காக நீண்டது. தாளை நம்பித் தோலுக்கான முடிவை எடுக்கக் கூடாது என்பதற்கு இது போதுமான சான்று: தோலின் வெப்பம் 33 பாகைக்கு அருகில் இருக்கிறது, அறை வெப்பத்தில் கிடக்கும் தாளில் அந்த வேகம் இருப்பதில்லை.

இந்த இடத்தில் பலரும் 'ஃபிக்ஸேட்டிவ்' (மணத்தைப் பிடித்து நிறுத்தும் பொருள்) என்று சொல்லிப் பென்சாயின் எனப்படும் சாம்பிராணிப் பிசினையோ, பென்சைல் பென்சொயேட்டையோ சேர்ப்பார்கள். பென்சாயின் ஒரு துளி சேர்த்த மாதிரியையும் பார்த்தேன். லிமோனீன் பறக்கும் வேகத்தில் மூக்குக்குத் தெரிகிற மாற்றம் இல்லை. அதற்கு மாறாக வெனிலாவின் இனிப்பு ஏறி, பழம் மிட்டாய் ஆனது. பறந்துபோகும் பொருளைப் பிடித்து நிறுத்துவது ஓர் எல்லைக்கு மேல் நடக்காது. அது போன பிறகும் அது இருப்பதாக மூக்கை நம்பச்செய்யும் கனமான பொருள்களை வைப்பதுதான் பயன் தரும் வழி. அப்படி மூன்று பொருள்களைத் தேர்ந்தெடுத்தேன்.

ஒன்று, பெட்டிகிரெய்ன். கசப்பு ஆரஞ்சு மரத்தின் இலைகளையும் இளங்கொம்புகளையும் வடித்தெடுக்கும் எண்ணெய் இது. பராகுவே நாட்டிலிருந்து பெருமளவில் வருகிறது. நம் வீடுகளில் வேப்பிலைக்கட்டி இடிப்பதற்காக நாரத்தை இலையின் நடுநரம்பைக் கிள்ளி எடுக்கும்போது விரலில் ஒட்டும் அந்தக் கசந்த பச்சை மணத்தை அறிந்தவர்களுக்கு, பெட்டிகிரெய்ன் குப்பியைத் திறந்ததுமே அடையாளம் தெரிந்துவிடும். இதன் முக்கியக் கூறான லினலைல் அசிட்டேட் பெர்கமோட்டிலும் பெருமளவில் இருப்பதால், பெர்கமோட் மெலியும் இடத்தில் பெட்டிகிரெய்ன் ஓசையில்லாமல் அதன் பாத்திரத்தை ஏற்றுக்கொள்கிறது. கலவையில் நாலில் ஒரு கிராமுக்கு மேல் போனால் மட்டும் சவர்க்கார நெடி வருகிறது.

இரண்டு, ஹெடியோன். ஸ்விட்சர்லாந்தின் ஃபிர்மெனிக் நிறுவனத்தில் மல்லிகையை ஆராய்ந்த எடுவார் டெமோலின் பணியிலிருந்து வந்த பொருள். மூலக்கூறு எடை 226. தனியாக முகர்ந்தால் ஒன்றும் இல்லாதது போலவே தோன்றும், எலுமிச்சை சாயலுள்ள மிக மெல்லிய மல்லிகை. ஆனால் பழ எண்ணெய்களோடு சேர்ந்தால் அவற்றுக்கு இடையே காற்றோட்டம் உண்டாக்குகிறது. கலவை கனமாகத் தோன்றாமல் விரிவது இதனால்தான். இதை அளந்து அளந்து சேர்க்க வேண்டியதில்லை, தாராளமாகவே ஊற்றலாம். ஹெடியோன் இல்லாமல் செய்த மாதிரியையும் இருக்கிற மாதிரியையும் இரு கைகளிலும் தெளித்துப் பார்த்தால், முன்னது தோலோடு ஒட்டிக் கிடப்பதும் பின்னது ஒரு சாண் தள்ளி நிற்பதும் புரியும்.

மூன்றாவதுதான் இந்த வேலையின் சுவையான பகுதி: நூட்கட்டோன். கிரேப்ஃப்ரூட் தோலின் கசப்பான, உலர்ந்த, சற்றே மரத்தன்மை கொண்ட மணத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் இதன் பெயர் பழத்திலிருந்து வரவில்லை. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், அலாஸ்காவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் வளரும் மஞ்சள் சிடார் எனப்படும் நூட்கா சைப்ரஸ் மரத்திலிருந்து வந்தது. அந்த மரத்தின் உள்ளிலும், பழத்தின் தோலிலும், வெட்டிவேரிலும் ஒரே பொருள் இருக்கிறது. வெட்டிவேரைக் கறையான் அண்டாததற்கான காரணங்களில் நூட்கட்டோனும் ஒன்று என்று அமெரிக்காவின் லூசியானாவில் நடந்த ஆய்வுகள் காட்டின. 2020இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இதைக் கொசுவையும் உண்ணியையும் விரட்டும் பொருளாகப் பதிவு செய்தது. எனக்குப் பயன்பட்ட செய்தி வேறு: நூட்கட்டோனின் மூலக்கூறு எடை 218. சாண்டலாலோ 220. அதாவது, பழத்தின் மணமும் சந்தனத்தின் எடையும் ஒரே பொருளில் கூடியிருக்கின்றன. பழம் போன இடத்தில் நின்று, மரம் வரும்வரை காத்திருக்கக்கூடிய பொருள் இதைவிட வேறு என்ன வேண்டும்? பழத்திலிருந்து நேரடியாக எடுத்தால் விலை தாங்காது. ஆரஞ்சு எண்ணெயிலிருந்து கிடைக்கும் வாலென்சீன் என்ற பொருளை ஆக்சிஜனேற்றம் செய்து தொழிற்சாலைகளில் ஆக்குகிறார்கள். அப்படியும் மலிவானது அன்று. நல்லவேளையாக மிகச் சிறிதளவே தேவைப்படுகிறது.

இனி இறுதிக் கலவை. மொத்தம் 50 கிராம். அதில் மணப்பொருள்கள் 6 கிராம், அதாவது 12 விழுக்காடு. பெர்கமோட் 1.20, இனிப்பு ஆரஞ்சு 0.60, கிரேப்ஃப்ரூட் 0.40, வடித்த லைம் 0.20, பெட்டிகிரெய்ன் 0.25, கருமிளகு எண்ணெய் 0.10, ஹெடியோன் 1.00, ஐஸோ இ சூப்பர் (சிடார் சாயலுள்ள செயற்கைப் பொருள்) 1.20, வெட்டிவேர் 0.35, வர்ஜீனியா சிடார் 0.40, சந்தனம் 0.20, அம்ப்ராக்சன் (அம்பர்கிரிஸ் சாயலுள்ள செயற்கைப் பொருள்) 0.05, நூட்கட்டோன் 0.05 கிராம். கடைசியாகச் சொன்ன இரண்டும் கட்டியான பொருள்கள். ஆகையால் அவற்றை முன்கூட்டியே எத்தனாலில் 10 விழுக்காட்டுக் கரைசலாக்கி, ஒவ்வொன்றிலும் 0.50 கிராம் ஊற்றினேன். மிளகு எண்ணெயும் அப்படியே, 1.00 கிராம் கரைசலாக. ஒரு சொட்டு ஏறக்குறைய 0.02 கிராமுக்கு மேல் இருக்கும்போது, 0.10 கிராம் என்பது நான்கைந்து சொட்டுதான். ஒரு சொட்டு தவறினாலும் மிளகு கலவையைக் கடித்துவிடும். இம்மூன்று கரைசல்களோடும் 1.80 கிராம் எத்தனால் உள்ளே போய்விடுவதால், கடைசியில் ஊற்ற வேண்டிய எத்தனால் 44 அன்று, 42.20 கிராம். இந்தக் கழித்தலைச் செய்யாவிட்டால் செறிவு குறைந்துவிடும்.

கலக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். காற்று பட்டால் இந்தத் தராசின் கடைசி இலக்கம் ஓரிடத்தில் நிற்காது. குப்பியைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, கனமான பொருள்களை முதலில் ஊற்றினேன். சந்தனமும் வெட்டிவேரும் பிசுபிசுப்பானவை. துளியானின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, அழுத்தியதற்கு நீண்ட நேரம் கழித்து ஒரு பெருஞ்சொட்டாக விழும். எண்ணெய்க் குப்பியை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் நிறுத்தி வைத்துவிட்டு எடுத்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறைகிறது. அதன்பின் சிடார், ஐஸோ இ சூப்பர், ஹெடியோன்; பழ எண்ணெய்கள் எல்லாவற்றுக்கும் கடைசி. ஒவ்வொரு பொருள் விழுந்ததும் தராசைச் சுழியாக்கிக் குறிப்பேட்டில் உண்மையான எடையை எழுதிக்கொள்வது நல்லது, 0.40 ஊற்ற நினைத்து 0.42 விழுந்தால் 0.42 என்றே எழுத வேண்டும். எத்தனால் சேர்ப்பதற்கு முன் இந்த ஆறு கிராமும் இள மஞ்சள் நிறத்தில், வெட்டிவேரின் பழுப்பு அடியில் சுழன்றபடி இருந்தது. ஒருமுறை மெல்லச் சுழற்றியதும் ஒரே நிறமானது.

தண்ணீர் சேர்க்கவில்லை. கடைத் திரவியங்களில் எத்தனாலின் கடுமையைத் தணிக்கச் சிறிது தண்ணீர் சேர்ப்பதுண்டு. ஆனால் பழத்தோல் எண்ணெய்களிலுள்ள லிமோனீன் நீர்த்த எத்தனாலில் கரையாது, கலவை பால்போல் கலங்கிவிடும். கலவையை இருட்டான அலமாரியில் சில வாரங்கள் வைத்திருந்தேன். தொடக்கத்தில் மிளகும் லைமும் தனித்தனியே துருத்திக்கொண்டு நின்றன. பிறகு அவை அடங்கி ஒரே மணமாயின. அதன்பின் ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்ததில், பிழிந்த எண்ணெய்களோடு வரும் மெழுகு மெல்லிய படலமாக அடியில் படிந்தது. குளிர்ந்த நிலையிலேயே காப்பி வடிதாளில் வடிகட்டியதும் தெளிந்தது. அறை வெப்பத்துக்கு வந்த பிறகு வடிகட்டினால் அந்த மெழுகு மறுபடியும் கரைந்து உள்ளேயே இருந்துவிடும்.

பூசிக்கொண்டால் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் சில நிமிடங்கள் பெர்கமோட்டும் மிளகும் சேர்ந்து கூர்மையாக இருக்கின்றன. ஆரஞ்சின் இனிப்பு அதற்குப் பின்னால் வருகிறது. கால் மணி நேரத்தில் ஆரஞ்சு குறையத் தொடங்கும்போது, வெறுங்கலவையில் வந்த தளர்ச்சி இதில் இல்லை. பெட்டிகிரெய்னின் பச்சை மேலே வந்து, பழத்திலிருந்து இலைக்கு நகர்ந்துவிட்டது போன்ற மாற்றம் மட்டும் தெரிகிறது. முக்கால் மணி நேரத்தில் நூட்கட்டோன் தன்னைக் காட்டுகிறது. பழச்சாறு இல்லை, இனிப்பு இல்லை. தோலுக்கும் சுளைக்கும் நடுவே இருக்கும் வெள்ளைப் பகுதியின் கசப்பு. அதற்குள்ளிருந்தே வெட்டிவேர் எழுவதால், எந்த நிமிடத்தில் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கியது என்று என்னால் குறிக்க முடியவில்லை. நான் விரும்பியது இந்த ஒரு மணி நேரத்தைத்தான். மூன்று மணி நேரத்துக்கு மேல் வர்ஜீனியா சிடாரின் உலர்ந்த மரம் முன்னுக்கு வருகிறது. பென்சில் சீவும்போது வரும் மணம் என்று இதைப் பலரும் சொல்வதில் மிகையில்லை. பென்சில் செய்ய ஒரு காலத்தில் பயன்பட்ட மரமே இதுதான். ஆறு மணி நேரம் கழித்துச் சந்தனமும் அம்ப்ராக்சனும் தோலுக்கு அருகில் மட்டும் இருக்கின்றன. கையை முகத்தருகே கொண்டுவந்தால்தான் தெரியும்.

ஐஸோ இ சூப்பரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1970களில் அமெரிக்காவின் ஐ.எஃப்.எஃப். நிறுவனம் உருவாக்கிய இந்தப் பொருள், வெல்வெட்டுத் தன்மையுள்ள மென்மையான சிடார் மணத்தைத் தருவது. பூசிக்கொண்டவரின் மூக்கு இதற்கு விரைவில் பழகிவிடும். மணம் போய்விட்டது என்று நினைத்து மறுபடியும் தெளித்துக்கொள்வார். எனக்கு இரண்டு மணி நேரத்தில் ஒன்றும் தெரியாமல் போன ஒரு மாலையில், கூடத்துக்குள் வந்த தங்கை, "அண்ணா, பானையில வெட்டிவேர் போட்டிருக்கியா?" என்று கேட்டாள். ஆகவே எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்ற கணக்கைப் பூசிக்கொண்டவர் மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. வெளியிலிருந்து வருகிற ஒருவரிடம் கேட்டே குறித்துக்கொள்ள வேண்டும்.

துணியில் இந்தக் கணக்குகள் எல்லாம் மாறுகின்றன. பருத்திச் சட்டையில் பழ மணம் தோலைவிட இரு மடங்கு நேரம் நின்றது. மறுநாள் காலையிலும் அம்ப்ராக்சனும் ஐஸோ இ சூப்பரும் காலரில் இருந்தன. ஆனால் துணியில் மணம் நகர்வதில்லை. நூட்கட்டோனும் வெட்டிவேரும் சேரும் அந்த ஒரு மணி நேரம் துணியில் மங்கலாகவே கிடைக்கிறது. வெள்ளைத் துணியில் மிக அருகிலிருந்து தெளித்தால் பழ எண்ணெயும் வெட்டிவேரும் மஞ்சள் புள்ளி வைக்கும். பட்டில் தெளிக்கவே வேண்டாம்.

சென்னையின் மே மாதத்தில் எல்லாம் வேகமாகிறது. பழம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. வியர்வையோடு சேர்ந்த வெட்டிவேர் குளிர்ச்சியாகத் தோன்றினாலும், சிடாரின் உலர்ந்த தன்மை சற்றே புளிப்பாக மாறுகிறது. குளிரூட்டப்பட்ட அறையில் இதே கலவை ஏழு மணி நேரத்தைத் தொடுகிறது, ஆனால் வீச்சு குறைவு: பக்கத்து இருக்கைவரை எட்டுமே தவிர அறையை நிரப்பாது. மார்கழிக் காலைதான் இதற்கு மிகவும் பொருந்துகிறது; பழம் அரை மணி நேரத்துக்கு மேல் நின்று, பெட்டிகிரெய்னோடு நீண்ட நேரம் பேசுகிறது. வெயில் காலத்துக்கென்று சிடாரை 0.25ஆகக் குறைத்து, அந்த எடையை ஹெடியோனுக்குக் கொடுத்த மாதிரி ஒன்றையும் வைத்திருக்கிறேன். புளிப்பு நீங்கிவிட்டது, ஆனால் நான்காவது மணி நேரத்தில் மரம் மெலிந்துவிடுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும் போலும்.

சந்தனத்தின் அளவை உயர்த்தலாமே என்று கேட்பார்கள். இந்தியச் சந்தன மரமான சாண்டலம் ஆல்பத்தின் நல்ல எண்ணெயில் சாண்டலால்கள் இரண்டும் சேர்ந்து பெரும்பகுதியாக இருக்கும். விலையும் அதற்கேற்றபடி இருக்கும். 0.20 கிராமை 0.40 ஆக்கிய மாதிரியில் இனிமை கூடியது, ஆனால் வெட்டிவேரின் கசப்பை அது மூடிவிட்டது. அந்தக் கசப்பு மூடப்பட்டால் நூட்கட்டோன் செய்த வேலையும் சேர்ந்தே மூடப்படுகிறது. வர்ஜீனியா சிடாருக்குப் பதிலாக இமயமலைத் தேவதாரு எண்ணெயைச் சேர்த்துப் பார்த்தது அதைவிடப் பயனுள்ளதாக இருந்தது. தேவதாருவில் இனிப்பும் பிசினும் கூடுதல். பழத்தோடு அது அவ்வளவாக இணையவில்லை, எனினும் ஆறாவது மணி நேரத்தில் வர்ஜீனியா சிடாரைவிட வட்டமான முடிவைத் தருகிறது. பாதிக்குப் பாதி கலந்ததையே இப்போது அணிந்து வருகிறேன்.

மீதமுள்ள பழ எண்ணெய்களைப் பாதுகாப்பதுதான் இனி வேலை. லிமோனீன் காற்றோடு சேர்ந்தால் ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறும். மணம் டர்பன்டைன் பக்கம் சாய்வதோடு, தோலில் ஒவ்வாமையையும் உண்டாக்கும். அதற்காகவே பெராக்சைடு அளவு லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று இஃப்ரா விதி வைத்திருக்கிறது. வீட்டில் அதை அளக்க வழியில்லாததால், பாதி காலியான குப்பியிலிருந்து எண்ணெயைச் சிறிய குப்பிகளுக்கு விளிம்புவரை மாற்றி, குளிர்பெட்டியில் வைத்து, வாங்கிய மாதத்தை மேலே எழுதி வைக்கிறேன். கலந்து முடித்த திரவியத்தில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பி.எச்.டி. (BHT) என்ற பொருளை 0.1 விழுக்காடு சேர்த்திருக்கிறேன், 50 கிராமுக்கு 0.05 கிராம். அதையும் கரைசலாகவே ஊற்ற வேண்டும். குளியலறை அலமாரியில் மட்டும் குப்பியை வைக்கக் கூடாது. வெளியே போகும்போது, சட்டையின் உள்ளே நெஞ்சில் ஒரு தெளிப்பும் முழங்கை மடிப்பில் ஒன்றும் போதும். பழ மணம் மறுபடியும் வேண்டுமென்று தோன்றுகிறவர்கள் மதியத்துக்கென்று 5 மில்லிக் குப்பி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.